மொட்டை எழுத்து

போகிக்கு முந்தின நாள் பரணை ஒழித்துக்கொண்டிருந்தபோது பழைய பிரவுன் ஃபைல் ஒன்று கையில் வந்தது. நாடா இற்றுப்போய், ஓரத்தைப் பூச்சி அரித்திருந்தது. திறந்தால் மேலே நீலம் பாய்ந்த மெழுகுத் தாள். அதற்கு அடியில் பால் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தாள். கறுப்பு எழுத்துகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஆங்கிலத்தில் பெரிய க்யூ நாலு, எக்ஸ் மூன்று, இஸட் ஐந்து, ஒரு வரிசை காற்புள்ளி. சின்ன ஈ ஒன்றுகூட மிச்சம் இல்லை. அடிக்கடி வரும் எழுத்து ஆகையால் அதுதான் எப்போதும் முதலில் தீர்ந்துபோகும்.

முகத்தருகே கொண்டுபோனேன். ரப்பர் சொல்யூஷன் வாசனை வந்தது. இத்தனை வருஷம் கழித்து அந்த வாசனை உண்மையிலேயே அதில் இருந்ததா, என் மூக்கு நினைத்துக்கொண்டதா, தெரியவில்லை.

"என்ன தாத்தா இது, ஸ்டிக்கரா?" என்று கேட்டாள் பேத்தி. விஸ்காம் படிக்கிறாள். ஒரு தமிழ்ச் சொல்லை எடுத்து, அதற்கு நீங்களே எழுத்து வரைந்து கொண்டுவாருங்கள் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்களாம். 'சாரல்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டு மூன்று நாளாக லேப்டாப்பும் கையுமாக இருந்தாள்.

"ஸ்டிக்கர் மாதிரிதாம்மா. லெட்ராசெட். எங்க மாஸ்டர் இதை வச்சுதான் எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தார்."

ராயப்பேட்டையில் ஒரு மாடி அறைதான் எங்கள் ஸ்டூடியோ. கீழே சைக்கிள் கடை. மரப்படி ஏறி உள்ளே போனால் சாய்வுப் பலகை மூன்று, ஜன்னலோரத்தில் மாஸ்டருடையது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை என் மாமா அங்கே கொண்டுபோய் விட்டார். முதல் ஆறு மாதம் பிரஷ் கழுவுவது, டீ வாங்கி வருவது, ஆர்ட் ஒர்க்குகளைப் பிளாக் எடுக்கும் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. அதன் பிறகுதான் பலகையில் உட்கார விட்டார்கள்.

மாஸ்டர் சினிமா பேனர் எழுதுவதில் தொடங்கியவர். ஏணியில் நின்று ஆள் உயரத்துக்கு எழுத்து எழுதிய கை அது. விரல் நுனியளவு எழுத்தையும் அந்தக் கை அதே நிதானத்தோடு எழுதும். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ஆங்கிலம் வாசிக்க வராது. ஆனால் நகரத்தின் பெரிய கம்பெனிகளுக்கு ஆங்கில விளம்பரத் தலைப்புகளை அவர்தான் ஒட்டிக் கொடுப்பார். கம்பெனியிலிருந்து வந்த தாளைப் பார்த்து எழுத்து எழுத்தாக எடுத்து வைப்பார். முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு ஸ்பெல்லிங் பார்க்கச் சொல்வார். நான் பார்த்துச் சரி என்றதும் பலகையைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டு, நாலடி பின்னால் போய் நின்று பார்ப்பார்.

ஏன் தலைகீழாக என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ நேரா பாத்தா வார்த்தையைப் படிச்சிடுவே தம்பி. படிச்சா கண்ணு ஏமாந்துடும். எழுத்தைப் பாக்காதே. நடுவுல இருக்கிற வெள்ளையைப் பாரு."

லெட்ராசெட் வேலையைப் பார்க்காதவர்களுக்கு அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லண்டனில் தொடங்கிய கம்பெனி அது. 1961இல் இந்த உலர்ந்த முறையைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முந்திய அவர்களுடைய எழுத்தைத் தண்ணீரில் நனைத்துத்தான் ஒட்ட வேண்டும். தாளின் அடிப்பக்கத்தில் மெல்லிய மை எழுத்துகள் ஒட்டியிருக்கும். ஆர்ட் போர்டில் வெளிர்நீலப் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வோம். அந்த நீலம் கேமராவுக்குத் தெரியாது, அழிக்கவும் தேவையில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் கீழே தாளிலேயே சின்னக் கோடு ஒன்று இருக்கும். அதை நீலக் கோட்டோடு பொருத்தி வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் மேலிருந்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்கக் கறுப்பு வெளுத்துச் சாம்பலாகும். முழுக்கச் சாம்பலானதும் தாளை ஓரத்திலிருந்து தூக்கினால் எழுத்து போர்டில் நின்றுவிடும். பிறகு அந்த நீல மெழுகுத் தாளை எழுத்தின் மேல் வைத்து இன்னொரு முறை அழுத்தித் தேய்க்க வேண்டும். அவசரப்பட்டால் எழுத்தில் மயிரிழை விரிசல் விழும். சித்திரை வெயிலில் தாள் இளகிப்போய், வேண்டாத பக்கத்து எழுத்தும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். அதை செலோடேப்பால் ஒற்றி எடுக்க வேண்டும். ஷீட் வெளிநாட்டுச் சரக்கு, ஒன்றின் விலை என் ஒருநாள் சம்பளத்தைவிட அதிகம். எழுத்து வீணானால் மாஸ்டர் திட்ட மாட்டார், பேசாமல் இருப்பார். அந்த மௌனத்துக்குத்தான் நான் பயந்தேன்.

ஆங்கிலத்தில் ஏ-யும் வி-யும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒன்றின் சரிவு இன்னொன்றின் சரிவுக்குள் நுழைகிற அளவு நெருக்குவார். ஹெச்-சும் ஐ-யும் வந்தால் தள்ளி வைப்பார். ஸ்கேலில் அளந்தால் ஒரு இடைவெளி இரண்டு மில்லிமீட்டர், இன்னொன்று அரை மில்லிமீட்டர். கண்ணுக்கு எல்லாம் ஒரே அளவு. நான் முதலில் ஸ்கேல் வைத்துச் சமமாக ஒட்டிய ஒரு தலைப்பை அவர் கலைக்கவில்லை. சுவரில் குத்தி ஒரு வாரம் தொங்கவிட்டார். நாலாம் நாள் எனக்கே அதில் இருந்த ஓட்டைகள் தெரிந்துவிட்டன.

பரணில் கிடைத்த ஷீட்டின் ஓரத்தில் பெயர் இன்னும் தெளிவாக இருக்கிறது: ஹெல்வெடிகா மீடியம். எங்கள் ஸ்டூடியோவில் அதிகம் தீர்ந்த எழுத்து அதுதான். எழுத்தின் முனைகளில் குறுக்காக வரும் சின்னக் கொழுந்துகளுக்குச் செரிஃப் என்று பெயர். அது இல்லாதது சான்ஸ் செரிஃப். மாஸ்டர் அதை மொட்டை எழுத்து என்பார். திருப்பதிக்கு முடி கொடுத்துவிட்டு வந்தவனின் முகம் மாதிரி, மறைக்க எதுவும் இல்லை, மண்டையின் வடிவம் சரியில்லையென்றால் உடனே தெரிந்துவிடும் என்பார்.

அந்த எழுத்து எங்கே பிறந்தது என்று எங்கள் இருவருக்கும் அப்போது தெரியாது. சில வருஷம் கழித்து அண்ணாசாலையில் பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்தில் ஒரு தடிமனான புத்தகத்தில்தான் படித்தேன். படித்ததை மறுநாள் காலை டீ குடிக்கும்போது மாஸ்டருக்குச் சொன்னேன். சுவிட்சர்லாந்தில் பாசல் நகருக்குப் பக்கத்தில் மியூன்ஷென்ஸ்டைன் என்ற ஊர். அங்கே ஹாஸ் என்ற எழுத்து வார்ப்பாலை. பெர்லினில் பெர்தோல்ட் கம்பெனி பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் கொண்டுவந்த அக்ஸிடென்ஸ் கிரொடெஸ்க் என்ற எழுத்தைத்தான் சுவிஸ் வடிவமைப்பாளர்கள் எல்லாரும் கேட்டார்கள். அதற்கு நிகராக நம்மிடமும் ஒன்று வேண்டும் என்று நினைத்தார் ஆலையின் தலைவர் எடுவார்ட் ஹாஃப்மன். வரையும் பொறுப்பை மாக்ஸ் மீடிங்கரிடம் கொடுத்தார். மீடிங்கர் அதே ஆலைக்கு எழுத்து விற்கும் வேலை பார்த்தவர். அவர் வரைந்து அனுப்புவார், ஹாஃப்மன் திருத்தம் சொல்லி எழுதுவார். இப்படியே போய்வந்து 1957இல் எழுத்து வெளியானது. அப்போது அதன் பெயர் நோயே ஹாஸ் கிரொடெஸ்க். 1960இல்தான் ஹெல்வெடிகா ஆனது. சுவிட்சர்லாந்தின் லத்தீன் பெயர் ஹெல்வேஷியா. நாட்டின் பெயரையே எழுத்துக்கு வைக்க வேண்டாம் என்று, 'சுவிஸ் நாட்டது' என்ற பொருள் வரும்படி ஹெல்வெடிகா என்று வைத்தார்கள்.

மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எழுத்து வித்தவரா?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு அது பிடித்திருந்தது. "வித்தவருக்குத்தான் வாங்கறவன் கண்ணு தெரியும்."

மொட்டை எழுத்துக்கு அதைவிட நீண்ட வயது. அச்சு எழுத்தாக முதலில் வார்த்தவர் லண்டனில் நான்காம் வில்லியம் கேஸ்லான், 1816இல். அதில் பெரிய எழுத்துகள் மட்டுமே இருந்தன. செரிஃப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அது விசித்திரமாகத் தெரிந்திருக்க வேண்டும். கிரொடெஸ்க் என்ற சொல்லின் பொருளே அதுதான்.

அந்த வெறுமையான எழுத்துக்குள் எத்தனை திருத்தங்கள் ஒளிந்திருக்கின்றன என்பதை மாஸ்டர் புத்தகம் படிக்காமலே கண்டுபிடித்து வைத்திருந்தார். ஷீட்டில் பெரிய ஓ-வையும் ஹெச்-சையும் காட்டி, எது உயரம் என்று கேட்டார். இரண்டும் ஒன்று என்றேன். ஸ்கேலைக் கொடுத்தார். ஓ மேலேயும் கீழேயும் கோட்டைத் துளி தாண்டியிருந்தது. வட்டம் கோட்டை ஒரு புள்ளியில்தான் தொடும், சரியாகக் கோட்டில் நிறுத்தினால் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும். ஹெச்-சின் குறுக்குக் கட்டையை அளக்கச் சொன்னார். அது நிமிர்ந்த கட்டைகளைவிட மெலிசு. படுத்த கோடு கண்ணுக்குத் தடிப்பாகத் தெரியும், அதனால் இளைத்து வைத்திருக்கிறான் என்றார். ஹெல்வெடிகாவில் சின்ன சி, ஈ, எஸ் இவற்றின் வாய் முனைகள் படுக்கைவாட்டில் நேராக வெட்டியிருக்கும். அதனால் ஒரு வரியைப் பார்க்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போகும். அவர் அந்த வெட்டுகளை விரலால் தடவிக் காட்டுவார்.

அதே எழுத்தில் ஒரு குறையும் உண்டு. அதை நான் ஒரு தப்பு செய்துதான் தெரிந்துகொண்டேன். ஒரு மருந்து கம்பெனியின் துண்டுப் பிரசுரம். மருந்தின் பெயரில் சின்ன எல் மூன்று முறை வரும். சனிக்கிழமை சாயங்காலம், இரண்டு ஒட்டியதும் ஷீட்டில் எல் தீர்ந்துவிட்டது. கடை மூடியாயிற்று. ஹெல்வெடிகாவில் பெரிய ஐ வெறும் நிமிர்ந்த கட்டை. சின்ன எல்லும் வெறும் நிமிர்ந்த கட்டை. உயரமும் ஒன்றுதான். ஐ நிறைய மிச்சம் இருந்தது. ஒன்றை எடுத்து ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை காலை மாஸ்டர் அந்த போர்டைத் தலைகீழாக வைத்துக்கொண்டு நின்றார். அவருக்கு அது ஐ என்றோ எல் என்றோ தெரியாது. மூன்று கட்டைகளில் ஒன்றின் மேல் விரல் வைத்து, "இது வேற ஜாதி. கொஞ்சம் தடிப்பு," என்றார். வித்தியாசம் நூலளவுதான். பெரிய எழுத்துகளின் கட்டையைச் சின்ன எழுத்துகளைவிடச் சற்றுத் தடிப்பாக வரைவது வழக்கம், அதுவும் பிறகு நான் படித்ததுதான். பிளேடால் அவரே சுரண்டி எடுத்தார். "மருந்துப் பேருடா இது," என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நான் வெயிலில் நடந்து போய்ப் புது ஷீட் வாங்கி வந்தேன்.

வடிவமைப்பாளர்களுக்கு ஹெல்வெடிகாவின் அந்தச் சமநிலை பிடிக்கிறது. எனக்கும் பிடிக்கும். ஆனால் இரண்டு எழுத்து ஒரே உருவத்தில் நிற்பதை அழகு என்று ஒப்புக்கொள்ள இன்றுவரை என்னால் முடியவில்லை. இங்கிலாந்தின் சாலைப் பலகைகளுக்காக ஜாக் கின்னியரும் மார்கரெட் கால்வெர்ட்டும் வரைந்த டிரான்ஸ்போர்ட் என்ற எழுத்து 1965இலிருந்து அங்கே நடைமுறையில் இருக்கிறது. அதுவும் மொட்டை எழுத்துதான். ஆனால் சின்ன எல்லின் அடியில் ஒரு சிறு வளைவு வைத்திருக்கிறார்கள். வேகமாகப் போகும் காரில் இருப்பவன் ஊர்ப் பெயரைத் தப்பாகப் படித்துவிடக் கூடாது என்ற கவலை அந்த வளைவில் தெரிகிறது.

ஆங்கிலத் தலைப்புக்கு ஷீட் இருந்தது. தமிழ்த் தலைப்புக்கு அப்படியொரு ஷீட் எங்கள் கைக்கு வந்ததில்லை. சின்ன எழுத்து வேண்டுமென்றால் அச்சகத்தில் ஈய எழுத்தைக் கோத்து ஆர்ட் பேப்பரில் புரூஃப் எடுத்து வெட்டி ஒட்டுவோம். தலைப்பு முழுக்க மாஸ்டரின் கை. ஒரே விளம்பரம் ஆங்கிலப் பத்திரிகைக்கும் தமிழ்ப் பத்திரிகைக்கும் போகும். ஆங்கிலத்தில் ஹெல்வெடிகா நிற்கிற இடத்தில் தமிழும் அதே நிதானத்தோடு நிற்க வேண்டும். கம்பெனிக்காரர்கள் "அதே மாதிரி" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த "அதே மாதிரி"க்கு மாஸ்டர் இரவு பகலாக உட்கார்ந்திருப்பார்.

தமிழ் எழுத்துக்குச் செரிஃப் ஏது? எடுத்துவிட ஒன்றும் இல்லை. ஓலையில் எழுத்தாணியால் கீறிய நாளிலிருந்தே நம் எழுத்து ஒரே கனத்தில் ஓடிய கோடுதான். அதைத் தடிப்பாக்கும்போதுதான் சிக்கல் வருகிறது. ட, ப இரண்டும் காலி மைதானம் மாதிரி. ண-வில் மூன்று சுழி, மேலே வளைவு, பக்கத்தில் கால். ட-வுக்குக் கொடுத்த அதே தடிப்பை ண-வுக்குக் கொடுத்தால் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடும். பத்திரிகைத் தாளில் மை ஊறினால் மோசம். மாஸ்டர் முதலில் டிரேசிங் பேப்பரில் பென்சிலால் எலும்புக்கூடு மாதிரி ஒற்றைக் கோட்டில் எழுதுவார். பிறகு சதை வைப்பார். சுழி திரும்புகிற இடத்தில் கோட்டை இளைப்பார், காலில் முழுத் தடிப்பு கொடுப்பார். "மூணு சுழிக்கும் மூச்சு விட இடம் குடு," என்பது அவர் வாக்கு. ட-வுக்கு அடுத்து வரும் எழுத்தை ஆங்கிலப் பெரிய எல்லுக்கு அடுத்து வைப்பது போலவே உள்ளே தள்ளி வைப்பார். இகரக் கொக்கி மேலே போகும், உகர வால் கீழே தொங்கும், அதனால் நாலு கோடு போட்டுக்கொண்டுதான் தொடங்குவார். ரோட்ரிங் பேனாவால் ஓரம் கட்டி, பிரஷ்ஷால் நிரப்பி, பிசிறு வந்த இடத்தைப் போஸ்டர் ஒயிட்டால் வெட்டுவார். முடிந்ததும் வழக்கம்போலத் தலைகீழ்.

எழுத்துச் சீர்திருத்தம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. பெரியார் குடி அரசில் 1935இலேயே கையாண்ட வடிவங்களை 1978இல் அரசு ஏற்றுக்கொண்டது. யானைத் துதிக்கை போல வளைந்த லை-யும் ணை-யும் போய், எல்லாவற்றுக்கும் ஒரே இரட்டைச் சுழிக் கொம்பு வந்தது. பேனர்களில் பத்து வருஷம் துதிக்கை எழுதிய கை, அசந்தால் பழையபடி வளைந்துவிடும். மாஸ்டர் பலகையின் மூலையில் பதின்மூன்று புது வடிவங்களையும் எழுதி ஒட்டி வைத்திருந்தார். அந்தத் துதிக்கை அழகு என்று சொல்பவர்கள் இப்போதும் இருக்கிறார்கள். அழகுதான். ஆனாலும் மொட்டை எழுத்துக்குப் புது வடிவம்தான் தோதாக இருந்தது என்று மாஸ்டரே சொன்னார்.

மரச்சாமான் கடை ஒன்றின் விளம்பரம் நன்றாக நினைவிருக்கிறது. தலைப்பு 'மரம்' என்று தொடங்கும். மாஸ்டர் வரைந்து வைத்திருந்தார். கடைக்காரர் தாமே படி ஏறி வந்தார், பெரிய மனிதர், வெள்ளை வேட்டி. பார்த்துவிட்டு எல்லாம் பிரமாதம், இந்த ர-வுக்குக் கீழே சாய்ந்து தொங்குகிற காலை மட்டும் எடுத்துவிடுங்கள், மற்ற எழுத்தெல்லாம் நேராக நிற்கும்போது இது மட்டும் இடறுகிறது என்றார்.

மாஸ்டர் எதிர்த்துப் பேசவில்லை. பிரஷ்ஷைப் போஸ்டர் ஒயிட்டில் தொட்டு, அந்தக் காலை மூடினார். போர்டை அவரிடம் நீட்டி, "படிங்க ஐயா," என்றார்.

கடைக்காரர் பார்த்தார். வாய் திறந்து, "மாம்..." என்று நிறுத்தினார்.

"காலை எடுத்தா அது வேற எழுத்துங்க ஐயா. துணைக்கால் ஆயிடும்."

கடைக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து இரண்டு கையாலும் மாஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டார். காயாத ஒயிட்டை மாஸ்டர் ஈரத் துணியால் துடைத்துவிட்டுக் காலைத் திரும்ப வரைந்தார்.

கம்ப்யூட்டர் எங்களுக்கு மெதுவாகத்தான் வந்தது. 1985இல் ஆப்பிள் கம்பெனியின் லேசர்ரைட்டர் பிரின்டரில் ஹெல்வெடிகாவை உள்ளேயே வைத்து அனுப்பினார்கள் என்று பத்திரிகையில் படித்தபோது அது எங்கோ நடக்கிற விஷயமாக இருந்தது. சில வருஷத்தில் ராயப்பேட்டைத் தெருக்களிலேயே டி.டி.பி. சென்டர் போர்டுகள் முளைத்தன. 1992இல் விண்டோஸ் 3.1 உடன் ஏரியல் வந்தது. அது மோனோடைப் கம்பெனிக்காக ராபின் நிக்கோலஸ், பாட்ரீசியா சாண்டர்ஸ் குழுவினர் 1982இல் வரைந்த எழுத்து. ஹெல்வெடிகாவின் ஒவ்வோர் எழுத்துக்கும் என்ன அகலமோ அதே அகலம் ஏரியலிலும் இருக்கும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்தாலும் வரி குலையாது. ஸ்கிரீனில் அதைக் காட்டி மாஸ்டரிடம் கேட்டேன். அவர் உடனே பெரிய ஆர்-இன் காலைத் தொட்டார். ஹெல்வெடிகாவில் அது வளைந்து நேராக இறங்கும், இதில் சாய்ந்து ஓடியது. பிறகு சின்ன டி-யின் தலையைத் தொட்டார், அதுவும் சாய்வாக வெட்டுப்பட்டிருந்தது. "இவரு அவரு இல்லை," என்றார்.

தமிழுக்கும் ஃபாண்டுகள் வந்தன. ஒரு கம்பெனியின் ஃபாண்டில் அடித்ததை இன்னொரு கம்பெனியின் ஃபாண்டில் திறந்தால் வெறும் குப்பை. பக்கத்து சென்டருக்கு ஃபிளாப்பியைக் கொண்டுபோய்த் திரும்பிய நாள்கள் எத்தனை! அதைவிட எனக்கு வலித்தது வேறு. எழுத்தைச் சுட்டியால் பிடித்து இழுக்க முடிந்தது. இடம் அதிகமாக இருந்தால் அகலமாக இழுத்தார்கள், குறைவாக இருந்தால் நசுக்கினார்கள். இழுத்த எழுத்தில் நிமிர்ந்த கட்டை எல்லாம் தடிக்கும், படுத்த கோடு எல்லாம் மெலிந்தே நிற்கும். மாஸ்டர் ஒரு ராத்திரி உட்கார்ந்து சரிசெய்த கனமெல்லாம் ஒரு நொடியில் போய்விடும். அவர் கடைசியாக ஸ்டூடியோவுக்கு வந்த நாளில் தம் பிரஷ்களைக் கழுவித் துடைத்து, அளவுவாரியாக அடுக்கி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஊருக்குப் போன இரண்டாம் வருஷம் காலமானார். தகவல் எனக்குத் தாமதமாகத்தான் கிடைத்தது.

மகன் நியூஜெர்சியில் வேலைக்குப் போன பிறகு ஒருமுறை அங்கே போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நியூயார்க்குக்கு அழைத்துப்போனான். சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கியதும் மற்றவர்கள் ரயிலைப் பார்த்தார்கள், நான் மேலே தொங்கிய கறுப்புப் பலகையைப் பார்த்தேன். வெள்ளை எழுத்து. ஆர்-இன் கால் நேராக இறங்கியது. ஜி-யின் அடியில் அந்தச் சின்ன முள் இருந்தது. பழைய நிலையச் சுவரில் வண்ணக் கற்கள் பதித்த செரிஃப் எழுத்தில் நிலையத்தின் பெயர். அதன் எதிரே இந்த மொட்டை எழுத்து. அந்த ரயில் பலகைகளின் முறையை அறுபதுகளின் கடைசியில் மாசிமோ விஞ்ஞெல்லியும் பாப் நூர்டாவும் வகுத்தார்கள். அப்போது அவர்கள் சொன்ன எழுத்து அக்ஸிடென்ஸ் கிரொடெஸ்க்கின் அமெரிக்கப் பதிப்பு. 1989இல்தான் ஹெல்வெடிகா அதிகாரபூர்வமானது. எந்த எழுத்துக்கு நிகராக இதை ஹாஃப்மன் வரையச் சொன்னாரோ, அதனுடைய இடத்திலேயே முப்பது வருஷம் கழித்து இது வந்து உட்கார்ந்திருக்கிறது. மாஸ்டர் ஒருமுறை இதன் கீழே நின்றிருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாமலே அந்தப் பலகையை முழுசாகப் படித்திருப்பார்.

திரும்பி வந்த அடுத்த வருஷம் எனக்குக் கண்புரை அறுவை. அதற்கு முந்திய மாதங்களில் உலகம் கஞ்சித் தண்ணீர் வழியாகப் பார்ப்பது போல இருந்தது. அப்போதுதான் எந்த எழுத்து உதவுகிறது, எது கைவிடுகிறது என்று உடம்பால் தெரிந்துகொண்டேன். ஹெல்வெடிகாவின் சி-யும் ஈ-யும் வாயைக் கிட்டத்தட்ட மூடி வைத்திருக்கும். மங்கிய கண்ணுக்கு இரண்டும் ஓ ஆகிவிடும். வாய் திறந்த எழுத்துகள் அப்போதும் தெரிந்தன. பாரிஸில் 1974இல் திறந்த சார்ல் த கோல் விமான நிலையத்துக்காக ஏட்ரியன் ஃப்ரூட்டிகர் வரைந்த எழுத்து அந்த மாதிரி. தூரத்திலிருந்தும் சாய்வாகவும் பார்ப்பவர்களுக்கென்று வாயைத் திறந்து வைத்தார். 1976இல் அவர் பெயரிலேயே அது அச்சுக்கும் வந்தது. மருத்துவமனைப் பலகைக்கும் பஸ் போர்டுக்கும் மருந்து அட்டைக்கும் அவர் வழிதான் சரி என்பது என் தீர்மானம்.

இப்போது தமிழில் மொட்டை எழுத்துக்குப் பஞ்சம் இல்லை. விண்டோஸ் 2000 உடன் லதா வந்தது. கூகுளின் நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கிறது. பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கேட்டமரன் இருக்கிறது. நம் கட்டுமரம் ஆங்கிலத்துக்குப் போய்த் திரும்பி வந்த பெயர் அது. மயிரிழை மெலிவிலிருந்து முழுத் தடிப்பு வரை ஒன்பது கனங்களில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே வரையப்பட்டது, இலவசமாகக் கிடைக்கிறது. பேத்தி அதைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினாள். நான் ண-வைத் தேடினேன். மூன்று சுழியும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன.

பிறகு தன்னுடைய 'சாரல்' படத்தைத் திறந்தாள். எல்லா எழுத்தும் ஒரே கனம், சுத்தமான வேலை, இடைவெளியெல்லாம் கண்ணுக்குச் சமம். ஆனால் துணைக்காலுக்கு அடுத்து அதே உருவத்தில் இன்னொரு துணைக்கால் நின்றது.

"ர-வோட கால் எங்கேம்மா?"

"அது கீழே தொங்கி லைனை உடைக்குது தாத்தா. எடுத்துட்டேன். வார்த்தையைப் பார்த்தா புரிஞ்சிடும்ல?"

லேப்டாப்பைத் தலைகீழாகத் திருப்பி வைத்தேன். இரண்டு பேரும் நாலடி தள்ளி நின்று பார்த்தோம். அவளாகவே, "ரெண்டும் ஒண்ணா இருக்கு," என்றாள். அன்று சாயங்காலம் முழுக்க அந்த ஒரு காலுக்காக உட்கார்ந்திருந்தாள். ஐந்தாறு விதமாக வரைந்து பார்த்து, கடைசியில் மற்ற எழுத்தின் கனத்தைவிடத் துளி இளைத்து, குட்டையாக, சாய்வாக ஒன்றை வைத்தாள். கல்லூரிக்கு அதைத்தான் கொண்டுபோனாள். லெட்ராசெட் ஷீட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

கடைப் பலகைக்கும் புத்தக அட்டைக்கும் செல்போன் திரைக்கும் தமிழ் எழுத்து வரைகிற பிள்ளைகள் இன்று நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோடு நேராக ஓட வேண்டும் என்பதற்காக ரகரத்தின் காலை வெட்டிவிடாதீர்கள்.